உருளைக்குக் கீழே குடியிருந்தவர்கள்

1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை நண்பகலில், கால்வாய்ச் சாலைக் காகித ஆலையின் இரண்டாம் கூடத்தில், மூன்று டன் எடையுள்ள ஒரு வார்ப்பிரும்பு உருளை பாரந்தூக்கியின் சங்கிலியில், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இயந்திரத்திலிருந்து கழற்றி இன்னோர் இயந்திரத்துக்கு அதைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அப்போது ஆலை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பாரந்தூக்கியை இயக்கியவர் ஏணியில் இறங்கி, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாற்பது வருடம் கழித்து அந்த ஆலை கலைஞர்களுக்கான படைப்பு வளாகமாக மாறியபோதும் உருளையை யாரும் இறக்கவில்லை. இறக்கினால் வரலாறு கெட்டுவிடும் என்று வளாகத்தின் மரபுக் குழு தீர்மானித்தது. உருளை பாதி வழியில் நின்றுபோன அந்த நிமிடம்தான் கட்டடத்தின் உயிர், மற்றதெல்லாம் வெறும் செங்கல் என்றார்கள். ஆகவே உருளையை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுப்பியதும் அது ஓர் அறையாயிற்று. அறை என்றால் அதில் இருக்க ஆள் வேண்டும்.

ஆளாக வந்து சேர்ந்தவர் பல்செட்காரர். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, தேய்த்து, மினுமினுவென்று ஒரு பல்செட்டாகத் திருப்பி அனுப்புவார். முன்பு ஆலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். அந்தச் சந்து வளாகத்தின் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. அதற்கு ஈடாக, கைத்தொழில் செய்பவர் என்ற வகையில், வளாகத்துக்குள்ளேயே வேலைக்கும் குடியிருப்புக்குமாகச் சேர்த்து ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலோரம் வேலை மேசை, மூலையில் அடுப்பு, நடுவில் மூன்று கட்டில். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு, சின்னது ஏழு வயது மகளுக்கு. மூன்று கட்டிலுக்கும் நேர் மேலே உருளை.

சாவி கொடுக்கும் விழாவுக்கு வளாகத்தின் இயக்குநர் அம்மையார் வந்திருந்தார். கழுத்துவரை மூடிய கறுப்பு உடை, நரைத்த கிராப்பு, கண்ணை மூடிக்கொண்டு பேசும் பழக்கம். அறையின் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

"எல்லாருக்கும் மேலயும் ஒரு கூரை இருக்கு," என்றார் இயக்குநர். "ஆனா கூரை யாரோடயாவது பேசுதா? இந்த உருளை பேசும். இது தொங்கல. காத்திருக்கு. என்னையே எடுத்துக்கங்க. நான் இருக்கறது மேல் மாடி. எனக்கு மேல ஒண்ணுமே இல்ல, வெறும் வானம். அது எவ்வளவு பெரிய வெறுமைன்னு உங்களுக்குப் புரியாது. நீங்க கொடுத்து வெச்சவங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் சத்தத்தில் உருளை லேசாக ஆடியதைப் பல்செட்காரர் பார்த்தார். அவர் மட்டும் தட்டுவதை நிறுத்தினார்.

"என்னங்க," என்றாள் மனைவி, விழா முடிந்ததும். "தலைக்கு மேல கத்தி தொங்குதுன்னு பேச்சுக்குச் சொல்லுவாங்க. நமக்கு நெசமாவே தொங்க விட்டிருக்காங்க."

"நாப்பது வருஷமாத் தொங்குதும்மா. இன்னிக்கா விழப் போகுது?"

"நாப்பது வருஷமாக் கீழ யாரும் படுக்கல. அதுக்கும் ஒரு நோக்கம் வேணுமில்ல விழறதுக்கு?"

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம், ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்லை அவர் மெழுகில் பதித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. டிக். ஒரே ஒரு டிக். சங்கிலியிலிருந்து கொஞ்சம் துரு, மாவு சலித்தாற்போல, கட்டில் விரிப்பின் மேல் இறங்கியது. பல்செட்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். உருளை முன்பு இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தோன்றியது. சற்றுக் கீழே இருப்பதாகவும் தோன்றியது. கையிலிருந்த முன்பல் கோணலாகப் போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மருத்துவர் கவனித்துத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலையில் பாதுகாப்பு அலுவலரிடம் போனார். கதவில் அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டதுமே அவருக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. அலுவலர் இளம் வயதுக்காரர், சுத்தமான மேசை, மேசை மேல் உருளையின் சின்ன மாதிரி ஒன்று.

"டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு சார்."

"உருளையிலயா?"

"சங்கிலியிலங்க. கூடவே கொஞ்சம் துரு கொட்டுச்சு."

அலுவலர் எழுந்தேவிட்டார். "கொட்டின துரு எங்க?"

"வீட்டுல பெருக்கித் தள்ளிட்டாங்க."

"பெருக்கிட்டாங்களா!" அலுவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ஆலையோட துரு சார். எண்பத்து மூணாம் வருஷத்துத் துரு. அதைப் போய்க் குப்பை மாதிரி..."

"நாங்க மூணு பேரும் அதுக்குக் கீழதான் சார் படுக்கிறோம். அது விழுந்துச்சுன்னா?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்? ஒருவேளை விழுந்தாலும் உருளைக்குச் சேதம் வராமப் பாத்துக்கறதுதான் என் வேலை. நீங்க தைரியமா இருங்க. ஆமா, மெத்தை எவ்வளவு தடிமன்?"

"நாலு விரக்கடை இருக்கும்."

"குறைச்சல்தான்." அலுவலர் யோசித்தார். "பரவாயில்ல. நீங்களும் மூணு பேர் இருக்கீங்க."

"எங்களைப் பாத்துக்கறதுக்கு யாரு சார்?"

"அது வேற பிரிவு. இன்னும் தொடங்கல."

அன்று மாலையே அலுவலர் அறைக்கு வந்தார். குனிந்து கும்பிடாத குறையாக உருளையைச் சுற்றி வந்து, கீழே இருப்பவர்களால் உருளைக்கு நேரக்கூடிய தீங்குகளைச் சொன்னார். அடுப்பின் ஆவி ஆகாது. பல்செட் வேகவைக்கும் பாத்திரத்தின் ஆவி அறவே ஆகாது. கதவைச் சாத்தும்போது அதிரக் கூடாது. தும்மல் வந்தால் நடைபாதைக்குப் போய்விட வேண்டும்.

"இருமலாம்ங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சின்னதா."

"பெருமூச்சு?"

அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு, கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அதிராமல் கதவைச் சாத்திக்கொண்டு அவர் போனதும், மனைவி கட்டில்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் போட்டாள். அன்றிலிருந்து மூவரும் அந்த அறையில் எறும்புபோல் சுவரை ஒட்டியே நடந்தார்கள். அடுப்பிலிருந்து மேசைக்குத் தேநீர் கொண்டுபோக வேண்டுமானால் மூன்று சுவரைச் சுற்ற வேண்டும். தேநீர் ஆறிப்போகும். பல்செட்காரர் குடித்துவிடுவார். பயந்தவனுக்குச் சூடு எது, ஆறியது எது? ஒரு கண் பல்லிலும் ஒரு கண் மேலேயுமாக வேலை செய்து, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. கடைக்குப் போனால் கடைக்காரர், மேலே என்ன என்று தானும் நிமிர்ந்து பார்ப்பார்.

எதிர் அறை மெழுகுவத்திக்காரருக்கு இதிலெல்லாம் பொறாமை. "உங்களுக்கென்ன, உருளை கெடைச்சிருக்கு," என்பார் நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம். "எனக்கு ஒரு பழைய ஆணியைக்கூட விட்டுவைக்கல. என் அறைக்குள்ள வர்றவங்க மெழுகுவத்தியைத்தான் பாக்கறாங்க. அசிங்கமா இருக்கு."

கட்டில்கள் நகர்ந்த சேதி எப்படியோ மேலே போயிற்று. பல்செட்காரரை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை முடிந்தது, அறை போயிற்று என்று நினைத்துக்கொண்டே படியேறினார். போனால் போகட்டும் என்று சொல்ல வழியில்லை. பல்செட் வேகும் நாற்றத்துக்கு வெளியே எந்த வீட்டுக்காரரும் இடம் தரமாட்டார். மிஞ்சியது மைத்துனர் வீடு. அங்கே முதல் வாரம் விருந்தாளி, இரண்டாம் வாரம் வேலையாள், மூன்றாம் வாரம் காரணமில்லாமல் தட்டுமுட்டுச் சாமான் உருளும் சத்தம். மனைவிக்கு அது பிறந்த வீடு. ஆனாலும் அண்ணி அங்கே பிறந்தவள் அல்லவே.

இயக்குநர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தார்.

"நீங்க கட்டிலை நகத்தினீங்க. ஏன்?"

"பயமா இருந்துச்சுங்க மேடம்."

"பயம்!" இயக்குநர் கண்ணைத் திறந்தார். அதை அவர் எப்போதாவதுதான் செய்வார். "பாருங்க, இந்த வளாகத்துல இருபத்தெட்டுக் கலைஞர்கள் இருக்காங்க. ஒருத்தர்கிட்டயாவது உண்மையா ஒண்ணு இருக்கா? பானை செய்யறாங்க, படம் வரையறாங்க. உங்ககிட்ட இருக்கு. காப்பாத்திக்கங்க. இதை வீணாக்க நான் விடமாட்டேன்."

அப்படித்தான் 'இடைநிறுத்தத்தின் கீழ் ஒரு குடும்பம்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கட்டில்கள் நடுவுக்குத் திரும்பின. கால்களைச் சுற்றித் தரையில் வெள்ளைக் கோடு போட்டார்கள். நடைபாதைச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். இடித்த அன்று உருளை இரண்டு முறை டிக் என்றது. பல்செட்காரரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அவர் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பது கண்ணாடிக்கு வெளியே சிவப்பு எண்ணாக எரியும். பார்வையாளர்கள் உருளையைப் பார்ப்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், பிறகு நிம்மதியாகக் காப்பிக் கடைக்குப் போவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. குடியிருப்பவருக்கு அச்சம் உள்ளவரை அறை அவருக்கு.

"பயப்படறதுக்குச் சம்பளமா ஒரு வீடு," என்றாள் மனைவி. "எங்க அண்ணன் பொண்டாட்டிகிட்டச் சொன்னா நம்பமாட்டா. அவ வீட்டுல நான் சும்மாவே பயந்தேன்."

முதல் மாதங்களில் எண்ணுக்குக் குறைவே இல்லை. யாராவது கண்ணாடியைத் தட்டினால் போதும், பல்செட்காரரின் நெஞ்சு தறிபோல் அடித்துக்கொள்ளும். ஆண் பெண் இருபாலரும் பாராட்டினார்கள். உருளை மெதுவாக, மிக மெதுவாக, இறங்கிக்கொண்டிருந்தது. முன்பு ஸ்டூல் மேல் ஏறினாலும் எட்டாத ஒட்டடையை மனைவி இப்போது துடைப்பத்தைத் தூக்கியே எடுத்துவிட்டாள். அலுவலரிடம் இதைச் சொன்னபோது, உருளை இறங்கவில்லை, கட்டடம் உயர்கிறது என்று நிபுணர்கள் கருதுவதாகச் சொன்னார்.

ஆனால் மனித உடம்பு விசித்திரமானது. எதையும் ஒரு கட்டத்துக்கு மேல் அது பயப்படுவதில்லை. ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நின்றபோது, பல்செட்காரர் கடைவாய்ப் பல் ஒன்றைத் தேய்த்தபடி தன்னை மறந்து மெல்ல முனகிப் பாடிக்கொண்டிருந்தார். உருளை டிக் என்றது. அவர் நிமிரவில்லை. மகளோ உருளையின் நிழலுக்குள் கட்டம் போட்டு நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். வெளியே எண் எழுபத்திரண்டில் நின்றது. ஒரு பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "எனக்கே இதைவிட அதிகமா அடிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இயக்குநரே நேரில் வந்தார். வழக்கம்போல் வாசலோடு நின்றுகொண்டார்.

"நாங்க உங்களுக்கு எல்லாம் செஞ்சோம்," என்றார். குரல் தழுதழுத்தது. "கண்ணாடி வெச்சோம். விளக்கு வெச்சோம். நீங்க பயப்படறதை நிறுத்திட்டீங்க. இது துரோகம்னு சொல்லமாட்டேன். ஆனா அசட்டை. உங்க பொண்ணு நொண்டியடிக்கறா! உருளைக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

"அவ கொழந்தைங்க மேடம்."

"அதனாலதான் கேக்கறேன். கொழந்தையே பயப்படலைன்னா வேற யாரு பயப்படுவாங்க?"

அறைக்குப் புதிதாக ஆள் தேடப் போவதாக அறிவித்தார்கள். நேர்காணல் உருளைக்குக் கீழேயே. பல்செட்காரரும் கலந்துகொள்ளலாம், பழைய ஆள் என்பதற்காகச் சலுகை கிடையாது.

நேர்காணலன்று காலையில், அவர் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: "தோத்துட்டா எங்க போறது?"

"உங்க அண்ணன் வீடு."

"ஜெயிச்சுட்டா?"

அவர் மேலே பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ரெண்டுல எதுங்க நல்லது? நீங்களே சொல்லுங்க," என்றாள்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நடுக்கட்டிலில் உட்கார வேண்டும். முதலில் ஒரு நாடக நடிகர். உட்கார்ந்ததுமே கை நடுங்கியது, உதடு துடித்தது, கண் செருகியது. ஒரு தாய் பிள்ளையைத் தேடுவதுபோல் மேலே கையை நீட்டினார். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எண் அறுபத்தெட்டு. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்று தெரிந்தது. அடுத்து மெழுகுவத்திக்காரர். உருளைக்குக் கீழே உட்கார்ந்த ஆனந்தத்தில் எண் நூற்றைத் தொட்டது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருந்ததால் சந்தேகம் வந்து, கேள்வி கேட்டார்கள்.

"என்ன தோணுது?"

"கடைசியா எனக்கும் ஒண்ணு கெடைச்சுடுச்சுன்னு தோணுது."

எழுந்து போகச் சொன்னார்கள்.

பல்செட்காரர் உட்கார்ந்தார். உருளை இப்போது அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அதன் அடிப்பக்கத்துப் பள்ளங்கள், பழைய எண்ணெய்க் கறை எல்லாம் பழகிய முகம்போல் இருந்தன. அவர் நெஞ்சு அசையவில்லை. எண் எழுபது. இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். அலுவலர் பட்டையைக் கழற்றக் கை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் பல்செட்காரருக்கு மைத்துனர் வீட்டுப் பின்கட்டு தெரிந்தது. தகரக் கூரை. ஜன்னல் இல்லாத சுவர். மெழுகு உருக்க அடுப்பு மூட்டினால் அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துவது தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டை யார் முதலில் எடுப்பது என்று தெரியாமல் மகள் நிற்பது தெரிந்தது. காதுக்குள் ஏதோ அடித்தது. எண் நூற்றுப் பத்து, நூற்று முப்பது. அவர் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க," என்றார். "தயவுசெஞ்சு எங்களை இங்கயே விட்டுருங்க. இதுக்குக் கீழயே இருந்துக்கறோம்."

நூற்று அறுபது. நடிகர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் இரண்டு கண்ணும் திறந்திருக்க, "இதுதான்," என்றார். "இதைத்தான் நான் தேடினேன். உருளை ஜெயிச்சுடுச்சு."

அறை அவருக்கே என்று முடிவாயிற்று. ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற மனைவி கை தட்டவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே வந்து, நடுவில் நடந்து, சுவரைச் சுற்றாமல், அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தால்தான் உட்கார முடிந்தது.

"இப்படியே எறங்கிட்டிருந்தா," என்றாள், "இன்னும் கொஞ்ச நாள்ல இதுமேல துணி காயப்போடலாம்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து அது சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கால்சட்டை நனைந்த பிள்ளையைத் தேற்றுவதுபோல் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலையில் உருளை விழுந்தது.

மனைவி மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். பல்செட்காரர் ஒரு முழுசெட்டைப் பொட்டலம் கட்டி மருத்துவரிடம் கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வளாகத்து வாசலிலேயே தூசி நின்றது. நடைபாதையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்திக்காரர் அவரைப் பார்த்ததும் பேயைப் பார்த்ததுபோல் சுவரோடு ஒட்டினார். "நீங்க உள்ள இருந்தீங்கன்னு நெனச்சேன்," என்றார். அப்புறம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

உள்ளே மூன்று கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இல்லை. வெள்ளைக் கோடுகள் இருந்தன. உருளை தரையை உடைத்துக்கொண்டு பாதி புதைந்து கிடந்தது. பாதுகாப்பு அலுவலர் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து விரிசல் தேடிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் வாசலிலேயே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த மனைவி அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மகளின் சின்னக் கட்டிலின் ஒரு கால் மட்டும் மேசைக்கு அடியில் கிடந்ததைக் கண்டாள். அவள் சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை வளாகத்தில் எல்லா அறையிலும் கேட்டார்கள்.

அலுவலர் தலையை நிமிர்த்தினார். "மெதுவாம்மா," என்றார் பழக்க தோஷத்தில்.

மரபுக் குழு அன்று பிற்பகலே கூடியது. அவசரக் கூட்டம் என்பதால் இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். எண்பத்து மூன்றில் நின்ற நிமிடம் இன்று நிறைவு பெற்றது, அதைப் பார்க்கும் பேறு தங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது என்றார். அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர்கூட அறையில் இல்லாமல் போனதைத் தாம் குற்றமாகச் சொல்லவில்லை என்றும் வருத்தமாகவே சொல்வதாகவும் கூறினார். பல்செட்காரர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்ற அவருக்கு நினைவு வரவில்லை. வெளியே கண்ணாடிக்கு மேல் எண் எரிந்துகொண்டிருந்தது. பார்க்க யாரும் இல்லை.

உருளை இனி தொங்காது என்பதால் அறையில் அச்சத்துக்கு இடமில்லை என்றும், அச்சத்தின் பேரில் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் தானாகவே முடிவுக்கு வந்தது என்றும் குழு தீர்மானித்தது. காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். பல்செட்காரர் குடும்பம் நான்காம் நாளே மைத்துனர் வீட்டுக்குப் போயிற்று. இரண்டாம் கூடம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பார்வைக்குத் திறந்திருக்கிறது.